யானை நடந்தால்தான் கோப்பு நகரும்

மகேந்திரவர்ம பல்லவனுக்கு ஒரு பெயர் போதாது. செங்கல்பட்டை ஒட்டிய வல்லம் குன்றில் ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டில் பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று நான்கு பட்டங்கள் பல்லக்கில் போன பிறகுதான் மகேந்திரன் என்ற சொந்தப் பெயர் நடந்து வருகிறது. அவனுக்கு அடியான் வயந்தப்பிரி அரையர். அந்த அரையரின் மகன் கந்தசேனன். கோயிலைச் செய்வித்தவன் அவன். கல்வெட்டு முடிந்தது.

செய்தவன் யார், எந்த வீட்டுப் பிள்ளை, யாருக்குக் கட்டுப்பட்டவன் என்ற மூன்றும் அதில் உண்டு. ஒப்புதல் தந்தவர்களின் பட்டியல் கிடையாது. 7ஆம் நூற்றாண்டில் ஒரு மலையைக் குடைய இவ்வளவு எழுத்துவேலை போதுமாக இருந்திருக்கிறது.

இன்று அதே மாவட்டத்தில், சிறுசேரியின் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில், கணினி நிரல் எழுதும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். திறந்த மூலத் திட்டம் ஒன்றில் யாரோ எழுதிய இருபது வரி நிரல், பக்கத்துத் திட்டத்துக்கு அப்படியே பொருந்தும். இரண்டும் இலவசம். இரண்டுக்கும் ஒரே உரிமம். இரண்டையும் பராமரிப்பது ஒரே அறக்கட்டளை. ஆனாலும் எடுக்கும் திட்டத்தின் தலைவர், கொடுக்கும் திட்டத்தின் தலைவர், சட்டக்குழு, பாதுகாப்புக் குழு என்று நான்கு வாசலில் அவன் நிற்க வேண்டும். மூன்றாவது வாசலில் இருப்பவர் விடுப்பில் போயிருப்பார். கந்தசேனன் இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் வல்லம் இன்னும் வெறும் குன்றாகவே இருந்திருக்கும்.

இந்த நோய் தொற்றாத காலம் எப்படி இருந்தது என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம். பேருந்தில் ஏறி மாமல்லபுரத்தில் இறங்கினால் போதும்.

அங்கே கணேச ரதத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு. சிவனையும் அரசனையும் ஒரே மூச்சில் புகழ்வது; எந்த அடைமொழி யாருக்கு என்று இருவருமே குழம்பும் அளவுக்குச் சிலேடை. எழுதியவருக்குத் தம் வேலையில் திருப்தி வந்திருக்க வேண்டும், அல்லது அடுத்த மண்டபத்துக்குப் புதிதாக எழுத நேரம் இருந்திருக்காது. அதே செய்யுள்களைத் தூக்கிக்கொண்டு போய்த் தர்மராஜ மண்டபத்திலும் வெட்டிவிட்டார்கள். அதில் வரும் சாபச் செய்யுள் மட்டும் ராமானுஜ மண்டபத்திலும் கிடைக்கிறது. சில கிலோமீட்டர் வடக்கே சாளுவன்குப்பத்து அதிரணசண்டக் குடைவரைக்குப் போனால் அங்கேயும் தெரிந்த முகங்கள். பழைய செய்யுள்கள் சில, புதுச்சரக்கு கொஞ்சம். ஒரு சுவரில் பல்லவ கிரந்த எழுத்தில்; எதிர்ச்சுவரில் அதையே நாகரி எழுத்தில். பழைய களஞ்சியத்திலிருந்து வேண்டியதை எடுத்து, திருத்தி, இன்னொரு தளத்திலும் ஓடும்படி செய்து, ஒரே நாளில் வெளியிட்ட மாதிரிதான். கணேச ரதத்துக் கமிட்டியிடம் சாளுவன்குப்பத்துக்காரர்கள் படிவம் நிரப்பிக் கொடுத்ததாக எந்தக் கல்லும் சொல்லவில்லை.

உரிமம் இல்லாமலில்லை. அந்தச் சாபச் செய்யுள்தான் உரிமம். கெட்ட வழியிலிருந்து காப்பாற்றும் ருத்திரனுக்கு நெஞ்சில் இடம் தராதவர்களை ஆறு தரம் சபிக்கிறது. ஒரே நிபந்தனை, ஆறு தண்டனை, வழக்கறிஞர் செலவு பூஜ்யம். ராமானுஜ மண்டபத்தில் மட்டும் பிற்காலத்தில் யாரோ உளியோடு புகுந்து, உள்ளே இருந்த சிற்பங்களைச் செதுக்கி அழித்துவிட்டு, மண்டபத்தைச் சங்கு சக்கரத்தோடு வைணவத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். ருத்திரனை மறந்தவர்களைத் திட்டும் சாபம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. குடிபுகுமுன் உரிமத்தை முழுதாகப் படிப்பவர் அன்றும் இல்லை போலிருக்கிறது.

ஆனால் மாமல்லபுரத்தார் ஒரு விஷயத்தில் கோட்டை விட்டார்கள். கையெழுத்து. கல்வெட்டில் அத்யந்தகாமன் என்று ஒரு பட்டப்பெயர் வருகிறது. அது எந்தப் பல்லவன்? பட்டங்களை அப்பா, பிள்ளை, பேரன் என்று எல்லோரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்ட வம்சம் அது. நெடுங்காலம் ரதங்களை மாமல்லன் நரசிம்மவர்மன் கணக்கில் எழுதிவந்தார்கள். 1962இல் இரா. நாகசாமி, இங்கே இருப்பதெல்லாம் அவனுக்குப் பின்னால் வந்த ராஜசிம்மன் வேலை என்று ஒரு கட்டுரை எழுதினார். அன்றைக்கு மூண்ட சண்டை ஓயவில்லை. ஒரு கடற்கரை முழுக்கச் சிற்பம் செதுக்கியவர்களுக்குக் கீழே ஒரு வரி, இன்னார் மகன் இன்னான் என்று எழுத நேரமில்லை. வல்லத்துக் கந்தசேனனோடு மட்டும் யாரும் சண்டைக்குப் போகவில்லை. அவன்தான் அப்பா பெயரோடு எழுதிவைத்துவிட்டானே.

அரசர்கள் மறந்ததைத் தொழிலாளிகள் மறக்கவில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துப் பூஞ்சேரியில் ஒரு பாறை. அதில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்று தொடங்கி வெறும் பெயர்களாக வெட்டியிருக்கிறார்கள். ரதம் செதுக்கிய கைகளாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். பங்களிப்பாளர் பட்டியலைத் தனிக் கோப்பாக வைக்கும் இன்றைய மென்பொருள் வழக்கம் இந்தப் பாறைக்கு 1,300 ஆண்டு பின்தங்கியது.

பல்லவச் சரக்கு அதற்குப் பிறகு எங்கெல்லாம் போனது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிபுரத்தின் மீது படையெடுத்து வந்தான். பரம்பரைப் பகை. வந்தவன் கைலாசநாதர் கோயிலைப் பார்த்து வாய் பிளந்து நின்றான். கோயில் பொருளைத் தொடவில்லை என்று கன்னடத்தில் அங்கேயே ஒரு கல்வெட்டும் வைத்துவிட்டுத் திரும்பினான். பொருளைத் தொடவில்லை, வடிவத்தைக் கொண்டுபோய்விட்டான். அவனுடைய அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் கட்டிய விருபாட்சர் கோயிலில், தென்திசைச் சூத்திரதாரி என்று ஒரு சர்வசித்தி ஆசாரியின் பெயர் இருக்கிறது. அந்தக் கோயிலைப் பார்த்துவிட்டு ராஷ்டிரகூடர்கள் எல்லோராவில் ஒரு மலையையே மேலிருந்து கீழாக வெட்டி இறக்கினார்கள். மூன்று வம்சம், மூன்று நாடு, நடுவே ஓயாத போர். நிரல் மட்டும் தடையில்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

எழுத்தும் அப்படித்தான். பல்லவ எழுத்து கப்பலேறியது. கெமர், தாய், மோன், ஜாவா என்று அந்தப் பக்கத்து எழுத்துகள் பலவும் அதன் வாரிசுகள். வாங்கியவர்கள் சுழித்தார்கள், நீட்டினார்கள், கொண்டை வைத்தார்கள், தங்கள் மொழிக்கு வேண்டியதைச் சேர்த்தார்கள். எங்கள் ககரத்தை ஏன் வளைத்தாய் என்று காஞ்சியிலிருந்து ஒரு ஓலையும் போகவில்லை.

இப்படித் தாராளமாக வாழ்ந்த அதே பல்லவர்கள், நிலம் என்று வந்ததும் வேறு ஆளாகிவிடுவார்கள். நந்திவர்ம பல்லவமல்லனின் 22ஆம் ஆட்சியாண்டுக் காசாக்குடிச் செப்பேட்டைப் பாருங்கள். ஊற்றுக்காட்டுக் கோட்டத்தில் கொடுகொள்ளி என்று ஒரு ஊர். அதை ஏகதீரமங்கலம் என்று பெயர் மாற்றி ஒருவருக்குத் தானம் தர வேண்டும். முதலில் ஒருவர் விண்ணப்பம் செய்ய வேண்டும். அரசன் ஒப்ப வேண்டும். நிறைவேற்ற ஆணத்தி என்று ஒரு அதிகாரி வேண்டும். நாட்டாருக்குத் திருமுகம் போக வேண்டும். அவர்கள் அதைத் தொழுது தலைமேல் வைத்துக்கொண்டு எல்லையைச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட வேண்டும். செக்குக்கு வரி இல்லை, தறிக்கு வரி இல்லை என்று விலக்குகளை வரிசையாக எழுத வேண்டும்.

சோழர்கள் வந்தார்கள். பல்லவ நடைமுறையைப் படித்துப் பார்த்து, இதில் ஆட்கள் போதவில்லை என்று முடிவு செய்தார்கள். அரசன் வாய் திறந்தால் அது திருவாய்க்கேள்வி. எழுதுபவர் திருமந்திர ஓலை. அவருக்கு மேல் திருமந்திர ஓலை நாயகம். பிறகு புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி, முகவெட்டிக்குக் கீழே கீழ்முகவெட்டி, வரியிலிடு, பட்டோலை. ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பக்கத்து மேசைக்காரருக்கே அன்று தெரிந்திருக்குமா என்பது என் ஐயம். இவ்வளவு பேரும் எழுதி முடித்த பிறகு ஒரு பிடியானையை எல்லை நெடுக நடத்த வேண்டும். அது நடந்து முடிந்த இடம்தான் எல்லை. அந்த நடைமுறையில் தன் வேலை என்ன என்று தெளிவாகத் தெரிந்திருந்தது அந்த யானைக்கு மட்டும்தான்.

நம் விஷயத்துக்கு மிக நெருங்கிய வழக்கு திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருக்கிறது. சிங்களாந்தகச் சதுர்வேதிமங்கலத்துச் சபையிடம் பிரமதேயமாக, அதாவது பிராமணர் ஊராக, இருந்த பழையனூரைப் பிரித்தெடுத்து, வகை மாற்றி, திருவாலங்காட்டுக் கோயிலுக்குத் தேவதானமாகச் சேர்க்க வேண்டும். கொடுக்கும் திட்டமும் அரசனுடையது, வாங்கும் திட்டமும் அரசனுடையது. ராஜேந்திர சோழன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். விளைவு 31 செம்பு ஏடுகள். அதில் வரும் வடமொழிப் புகழ்ச்சியில் அவனுடைய கங்கைப் படையெடுப்பும் கடாரமும்கூட இடம்பெற்றுவிட்டன. இரண்டும் அந்த ஆணைக்குப் பிறகு நடந்தவை. அரசன் கங்கை வரை ஆளனுப்பித் தண்ணீர் எடுத்து வந்து, கடல் தாண்டி இன்னொரு நாட்டையும் அடித்துவிட்டான். பழையனூர் கோப்பு மட்டும் அப்போதும் முடிந்தபாடில்லை.

அவன் அப்பா காலத்து ஆனைமங்கலம் இதற்கு அண்ணன். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்காக, 97 வேலிச் சொச்சம் நிலமும் 8,943 கலம் நெல் வருமானமும் உள்ள ஊர். ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் கொடுத்தான். எழுத்துவேலை 23ஆம் ஆண்டுக்கு இழுத்தது. செம்பில் ஏறுவதற்கு மகன் அரியணை ஏற வேண்டியிருந்தது. மொத்தம் 21 ஏடுகள். பல நூற்றாண்டு கழித்து அந்த ஏடுகள் நெதர்லாந்துக்குப் போய், லைடன் செப்பேடு என்ற பெயரும் பெற்றன. அந்த இடமாற்றத்துக்கு மட்டும் திருவாய்க்கேள்வியும் இல்லை, யானையும் நடக்கவில்லை.

சோழர்களைக் கேலி செய்யும்போது ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நிலம் ஒன்றுதான். பழையனூர் கோயிலுக்குப் போனால் சபைக்கு இல்லை. ஒருவன் கையில் வந்தது இன்னொருவன் கையிலிருந்து போனது. அதனால் நாலு பேர் பார்க்க, கல் நட்டு, கள்ளி நட்டு, யானை விட்டுத்தான் ஆக வேண்டும். கணேச ரதத்துச் செய்யுள் அப்படி இல்லை. அதைச் சாளுவன்குப்பத்தில் வெட்டினால் ரதத்தில் ஒரு எழுத்தும் குறையாது. பல்லவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. நிலத்துக்கு ஒரு சட்டம், செய்யுளுக்கு ஒரு சட்டம் என்று நடந்துகொண்டார்கள். நிரலும் செய்யுள் சாதிதான். எத்தனை பேர் எடுத்தாலும் மூலம் அங்கேயே இருக்கும். அதற்குப் போய் எல்லைக்கல் நடுகிறவர்களை என்ன சொல்வது?

படிவங்கள் எப்படிப் பெருகுகின்றன என்பதற்கு உத்திரமேரூர் சாட்சி. ஊர் இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை 1997இல் ஒருமுறை வெட்டினார்கள், 2019இல் இன்னொரு முறை வெட்டினார்கள்; கல்வெட்டுக்கு அது தெரியாது, நாமும் சொல்ல வேண்டாம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இல், ஊர் வாரியங்களுக்குக் குடவோலையில், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஆள் எடுக்க விதிகள் எழுதினார்கள். இரண்டே ஆண்டில், 921இல், அதைத் திருத்தி நீளமாக மறுபடி எழுதினார்கள். 30 முதல் 60 வயது என்றிருந்த தகுதி, 35 முதல் 70 ஆயிற்று. திருத்தும் கமிட்டியில் யார் இருந்திருப்பார்கள், அவர்களுக்கு என்ன வயதிருக்கும் என்று ஊகிக்கக் கல்வெட்டறிவு தேவையில்லை.

கணக்குக் காட்டாமல் ஏமாற்றியவன் குடத்துக்குள் வரக்கூடாது. சரி. அவன் மட்டுமா? அவன் அப்பா, பிள்ளை, உடன்பிறந்தவன், மாமனார், மைத்துனன், மருமகன், அக்காள் கணவன், அத்தை மகன், மாமன் மகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள் வரை எவனும் வரக்கூடாது. கழுதை ஏறியவன் கூடாது. கள்ளக் கையெழுத்துப் போட்டவன் கூடாது. இவ்வளவு வடிகட்டிய பிறகும் முப்பது குடும்பிலும், அதாவது ஊர்ப் பிரிவிலும், ஆள் மிஞ்சியது என்றால், ஊரில் சொந்தக்காரர்கள் இல்லாத யாரோ சிலர் இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் எவனோ ஒருவன் எதையோ செய்துவிட்டு ஓடிய கதை இருக்கும். ஓடியவன் பெயர் மறந்துவிடும். விதி மட்டும் கல்லில் நிற்கும். ஆயினும் அந்த நீளப் பட்டியலில் கள்ளக் கையெழுத்தைச் சேர்த்தார்களே, அது ஒன்றுக்காக அவர்களை மன்னிக்கலாம்.

கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் காலத்தில் அனுமதிக்கலை உச்சம் தொட்டது. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தான். கடனில் மூழ்கியவன், கடன் கொடுத்தவனுக்குக் கொடுத்தது. விஷயம் அங்கேயே முடிந்தது. ஆனால் ஆவணம் அழகாக இருக்க வேண்டாமா? 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலத்திடம் அதற்கு ஒரு ஃபர்மான் வாங்கினார்கள். பேரரசர் அப்போது அலகாபாத்தில் இருந்தார், சொந்தத் தலைநகரான தில்லிக்குள் நுழைய வழியில்லாமல். தன் வீட்டுக்குள் போக முடியாதவர், தான் பார்த்தேயிராத ஊரை, ஏற்கெனவே எடுத்துக்கொண்டவனுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். இன்றைய ஒப்புதல் சங்கிலிகளில் கடைசியில் உட்கார்ந்து, படிக்காமல் பச்சைப் பொத்தானை அழுத்தும் பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் அவர்தான் குலதெய்வம்.

மென்பொருள்காரர்களின் உத்திரமேரூர் 2003இல் வந்தது. திறந்த மூல இயங்குதளமான லினக்ஸுக்குள் தங்கள் நிரல் திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டது என்று எஸ்.சி.ஓ. என்ற அமெரிக்க நிறுவனம் கூச்சலிட்டு, ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால், பல வரிகளுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஏழு வாரியம் அமைத்திருப்பார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2004இல் ஒரே ஒரு வரியைக் கேட்டார். நிரலை அனுப்புகிறவர், இது என்னுடையது அல்லது கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு என்று ஏற்று, கீழே பெயரைப் போட வேண்டும். நிரல் எத்தனை கை மாறினாலும் அந்தப் பெயர் வரிசை கூடவே போகும். டோர்வால்ட்ஸ் வல்லத்துக்கு வந்ததில்லை. வராமலேயே கந்தசேனனின் முறையைக் கண்டுபிடித்துவிட்டார்.

கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று வி.எல்.சி. பிளேயர்காரர்களைக் கேளுங்கள். மற்றத் திட்டங்களும் எளிதாகப் பயன்படுத்தட்டும் என்று 2011, 2012இல் அவர்கள் உரிமத்தைத் தளர்த்த முனைந்தார்கள். ஆனால் ஒவ்வொரு வரியும் அதை எழுதியவருக்கே சொந்தம். என்றைக்கோ பத்து வரி எழுதிவிட்டுக் காணாமல் போன நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிப்பிடித்துத் தனித்தனியாகச் சம்மதம் வாங்க வேண்டியதாயிற்று. வாசலில் ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால், ஊர் ஊராக அலைய வேண்டியிருந்திருக்காது.

திறந்த மூலத் திட்டங்களை நடத்தும் எக்லிப்ஸ் அறக்கட்டளை நேர் எதிர்ப் பக்கம். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு நிரல் மூட்டைக்கும் வினாத்தாள், பூர்வீக ஆராய்ச்சி, வரிவரியாகச் சோதனை. புரவுவரித் திணைக்களமே எழுந்து நின்று வணங்கும் ஒழுங்கு. 2019இல் அவர்களே களைத்துப்போய், பிறர் எழுதிய மூட்டைகளுக்கு உரிமம் சரியா என்று பார்த்தால் போதும் என்று விதியைச் சுருக்கினார்கள். வானம் இடிந்து விழவில்லை.

இப்போது சிறுசேரிப் பிள்ளைக்காக ஒரு சாசனம் எழுதிவிடுகிறேன். திருவாய்க்கேள்வி எனக்குக் கிடையாது. அலகாபாத்துப் பேரரசருக்கு இருந்த அதிகாரம் எனக்கும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வஸ்திஸ்ரீ. வெளியிலிருந்து முதல்முறை வீட்டுக்குள் வரும் நிரலை வாசலில் நிறுத்தி, எழுதியது யார், உரிமம் என்ன என்று ஒருமுறை கேட்பது. கேட்ட பதிலை நிரலோடு சேர்த்து எழுதிவைப்பது. உள்ளே வந்த பின், ஒரே உரிமத்துத் திட்டங்களுக்கு நடுவே அது போய்வர யாரையும் கேட்க வேண்டாதது. எங்கிருந்து எடுத்தது, எடுத்தவன் யார் என்று ஒரு வரி எழுதினால் போதுவது. உரிமம் மாறுகிற இடத்தில் மட்டும் யானையை அவிழ்ப்பது. கள்ளக் கையெழுத்துப் போட்டவன் அத்தை மகனோடு விலக்கப்படுவது. இத்தர்மத்துக்கு இறக்கம் செய்து நான்காவது ஒப்புதல் கேட்பவன், கங்கைக்கும் குமரிக்கும் இடையே கூட்டப்படும் எல்லா மீட்டிங்கிலும், திங்கள் காலை முதல் வெள்ளி மாலை வரை, கேமராவை அணைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கக் கடவன்.